எதிர்வீட்டுக் கட்டைவிரல்

திருப்பூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, ஐந்துக்கு ஐந்தாக எதிரெதிரே பத்து வீடுகள் நிற்கிற எங்கள் லைனில், பனியன் கம்பெனியில் கொடுத்த ஒரு படத்தைப் பார்த்து எல்லாரும் கையை அழுத்தத் தொடங்கிய அந்த ஆவணி மாதத்திலிருந்து, யாருடைய வலியும் அவரவர் கையால் போகவில்லை, அவரவரோடு பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் கையால்தான் போயிற்று. அதெப்படி என்று கேட்பீர்கள். எப்படி என்று எங்களுக்கும் தெரியாது. குழாயில் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் தண்ணீர் ஏன் வருகிறது என்றும் எங்களுக்குத் தெரியாது. வந்தால் குடத்தில் பிடித்து வைத்துக்கொள்வோம், அப்படித்தான் இதையும் பிடித்து வைத்துக்கொண்டோம்.

ஒரு சனிக்கிழமை டீ நேரத்தில் அக்குபிரஷர் படித்த அம்மாள் ஒருவர் கம்பெனிக்கு வந்து, தைக்கிறவர்கள், அயர்ன் போடுகிறவர்கள், என்னைப்போலச் செக்கிங்கில் நின்றே காலம் தள்ளுகிறவர்கள் எல்லாரையும் உட்காரவைத்து, தலைவலிக்குக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருகிற சதை, குமட்டலுக்கு மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் தள்ளி உள்பக்கம், தோளுக்கு இங்கே, இடுப்புக்கு அங்கே என்று தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் அழுத்தினால் போதும், மாசமாக இருக்கிறவர்கள் கேட்காமல் அழுத்தவே கூடாது என்றார். இன்னும் என்னவோ மூன்று தரம் சொன்னார், அதற்குள் ஜெனரேட்டர் ஓட ஆரம்பித்துவிட்டது. போகும்போது ஆளுக்கொரு படம் கொடுத்தார். உள்ளங்கையும் முழங்கையும் வரைந்து சிவப்புப் புள்ளி வைத்த படம், அடியில் சிவப்பு எழுத்தில் இரண்டு வரி. அந்த இரண்டு வரியைத்தான் லைனில் ஒருத்தரும் படிக்கவில்லை. எங்கள் வீட்டு ஓனர் ஒரு வீட்டுக்கு ஒரு ஆணிக்கு மேல் அடிக்க விடமாட்டார், அந்த ஒரு ஆணியில் தினசரி காலண்டர் தொங்கும், அதற்கு மேலே டேப் போட்டுப் படத்தை ஒட்டினோம், படத்தின் அடிப்பாகம் காலண்டருக்குப் பின்னால் போய்விட்டது. பத்து வீட்டிலும் அப்படித்தான். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் செய்வதில் எங்கள் லைனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் வீட்டு வசந்தாமணி தலைவலி தாங்காமல் வாசற்படியில் உட்கார்ந்து படத்தில் சொன்னபடி அழுத்தினாள், அவள் தலை இடித்துக்கொண்டேதான் இருந்தது, ஆனால் நேர் எதிரே எட்டாம் வீட்டு வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த அவள் தங்கச்சி கோகிலா சட்டென்று நிமிர்ந்து, இரண்டு நாளாகப் பிடித்திருந்த தலைவலி யாரோ மூட்டையை இறக்கின மாதிரி இறங்கிவிட்டதென்று என்னிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் முதல் வீட்டு அயர்ன் மாஸ்டர் நாட்ராயன் தன் இடுப்புக்காக அழுத்த, கடைசி வீட்டு ஆட்டோக்காரர் சவரியப்பன் ஆறு மாதத்துக்குப் பிறகு நேராக நடந்துபோனார். நாட்ராயனும் சவரியப்பனும் ஆட்டோ நிறுத்துகிற இடத்துக்காக ஒரு வருஷமாக முகத்தில் முழிக்காதவர்கள். வசந்தாமணியும் கோகிலாவும் மூன்று வருஷமாகப் பேசாதவர்கள்.

அவர்கள் ஏன் பேசவில்லை என்பதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அவர்களுடைய அம்மா செத்தபோது அவளிடம் நல்ல சேலை என்று ஒன்றுதான் இருந்தது, ஊதா நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சுங்கடி. கோகிலா அதை அம்மா உயிரோடு இருக்கும்போதே கேட்டு வைத்திருந்தாள், அம்மாவும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். கோகிலா ஊரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள் வசந்தாமணி அந்தச் சேலையை அம்மா மேலேயே போர்த்திவிட்டாள், அது நெருப்போடு போய்விட்டது. அவசரத்தில் கைக்குக் கிடைத்தது, தெரியாமல் செய்துவிட்டேன் என்று வசந்தாமணி எல்லாரிடமும் சொன்னாள். கோகிலா அவளைப் பார்த்து, "எனக்குன்னு ஒன்னு மிச்சம் வெக்கல பாரு நீ" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. பிறகு பிழைப்புக்கு வந்த இடத்தில் எட்டாம் வீடுதான் காலியாகக் கிடைத்தது, பன்னிரண்டடி இடைவெளியில் இரண்டு பேரும் ஒருத்தி கோலத்தை ஒருத்தி மிதிக்காமல் வாழ்ந்தார்கள்.

எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா. ஒரு வாரத்துக்குள் யார் கை யாருக்கு என்பது லைனுக்கே மனப்பாடம். பேசாதவர்களிடம் வாய்விட்டுக் கேட்க முடியாதென்பதால் அதற்கும் ஒரு வழி வந்தது. தலைவலியென்றால் வாசற்படியில் சொம்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், இடுப்பென்றால் விளக்குமாறைக் குறுக்கே போட வேண்டும், தோளென்றால் தாழ்ப்பாளில் துண்டு. எதிராளி பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி உள்ளே போய் அழுத்துவார். நன்றி சொல்ல வேண்டிய தொல்லை இல்லை. ஒன்பதாம் வீட்டுக் கிழவி மாசமாயிருந்த மருமகளோடு முகம் கொடுத்துப் பேசாதவள், தன் கை எங்காவது தெரியாமல் இடித்துப் புள்ளி அழுந்தி மருமகள் வயிற்றுக்கு ஆகாமல் போய்விடப்போகிறதென்று, பிரசவம் ஆகிற வரைக்கும் வலது கைக்கும் இடது கைக்கும் துணி சுற்றிக்கொண்டே திரிந்தாள். சோறு கூட அப்படியேதான் தின்றாள், கரண்டியால்.

எனக்குத்தான் கெட்ட காலம். எனக்கு லைனில் யாரோடும் பகை இல்லை, அதனால் என் முழங்கால் வலித்துக்கொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு, ஐந்தாம் வீட்டுக் கண்ணாத்தாளிடம் கொடிக்கயிறைச் சாக்கு வைத்து வேண்டுமென்றே சண்டைக்குப் போனேன். அவளும் என் முழங்காலை நினைத்துப் பெரிய மனசு பண்ணி என்னை நன்றாகவே திட்டினாள். ஆனால் பொழுது சாய்ந்ததும் தட்டாம்பயறு குழம்பைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள், அதோடு அந்த வைத்தியம் முடிந்தது. பொய்ச் சண்டைக்குப் பலிக்காது. பக்கத்து லைன்காரர்களும் எங்களைப் பார்த்து இரண்டு நாள் கட்டிப் புரண்டு பார்த்தார்கள், சட்டை கிழிந்ததுதான் மிச்சம். வலிக்கிற சண்டையாக இருக்க வேண்டும், தினம் ஒரு தடவையாவது அந்த ஆளை நினைத்து நெஞ்சு கரிக்க வேண்டும், அப்போதுதான் கை போய்ச் சேரும்.

ஒரே ஒரு பத்தியம் உண்டு. ஒருவர் பேசி மற்றவர் பதில் சொல்லிவிட்டால் அந்த நிமிஷமே எல்லாம் அற்றுப்போகும், அதுவரை எடுத்த வலியும் சேர்ந்து திரும்பி வரும். இரண்டாம் வீட்டுப் புருஷன் பெண்டாட்டிக்கு அப்படி ஆகி, சமாதானமான சந்தோஷத்தில் இரண்டு பேரும் அவரவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதிலிருந்து லைனில் சமாதானம் பேசுவது குற்றமாயிற்று. சவரியப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு நாட்ராயனை ஆள் விட்டு அழைத்தார், நாட்ராயன் போனார், மொய் எழுதினார், பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார், மாப்பிள்ளையைக் கட்டிப் பிடித்தார், சவரியப்பனை மட்டும் ஏறெடுத்தும் பார்க்காமல் வந்தார். வெற்றிலைத் தட்டு பக்கம் இரண்டு பேரும் நெருங்கினபோது எங்கள் பெண்கள் நாலு பேர் ஓடிப்போய் நடுவில் நின்றுகொண்டார்கள்.

மார்கழியில் கோகிலா வீட்டுத் தாழ்ப்பாளில் துண்டு ஏறியது. அவள் வீட்டிலேயே பனியனுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை செய்கிறவள், நாள் பூராவும் குனிந்த தலை நிமிராமல் கத்திரி பிடிப்பாள், வலது தோள்பட்டை வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லாரும் நினைத்தோம். மத்தியானம் கம்பெனியிலிருந்து சாப்பிட வருகிற வசந்தாமணி துண்டைப் பார்ப்பாள், சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுத்துவாள், கோகிலா துண்டை எடுத்துவிடுவாள். பிறகு காலையிலும் துண்டு தொங்கியது. பிறகு சாயங்காலமும். தை பிறந்தபோது, கோகிலா ஒரு வடை தின்றாலும் துண்டு ஏறியது. வசந்தாமணியின் கட்டைவிரல் நகத்தடி கருத்துப்போய், தையல் மிஷினில் துணியைத் தள்ளக்கூட முடியாமல் இருந்தாள்.

"அழுத்தறதக் கொறைக்கறது தானே?" என்றேன்.

"ஒரு நாளு அழுத்தாம இருந்து பாத்தனுங்க சுந்தரக்கா. அவ கத்துன கத்து உங்க காதுல விழுகல? விலாவுக்குக் கீழ கைய வெச்சுட்டு உருண்டா. கா மணி நேரங்கூடப் பொறுக்க முடியல என்னால."

"விலாவா? தோளுன்னாளே?"

"அதுதானுங்க எனக்கும் ரோசனையா இருக்குது. நேத்து தண்ணி புடிக்கறப்ப அவ கண்ணப் பாத்தீங்களா? மஞ்சக் கெழங்காட்டம் இருக்குது."

நான் எட்டாம் வீட்டுக்குப் போனேன். கோகிலா சாக்குப் பையில் பனியனை அடுக்கிக்கொண்டிருந்தாள், கண் மஞ்சள்தான், உடம்பும் காந்தியது, கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வரலாம் வா, உங்கக்கா பயப்படுகிறாள் என்றேன்.

"எனக்கு என்னுங்க கேடு? வலியே இல்ல. வலி இல்லாதவளக் கூட்டீட்டுப் போயி டாக்டருகிட்ட என்னன்னு சொல்லுவீங்க?"

"வலி இல்லாம இல்லடி. அவ எடுத்து எடுத்து விடறா."

கோகிலா கத்திரியை எடுத்தாள், வைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "அது ஒன்னுதானுங்க்கா அவ எனக்குன்னு பண்றது. அதையும் உட்டுப்போட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகோணுமா?" என்றாள்.

நான் வீட்டுக்கு வந்து, தோளுக்கான அந்தப் புள்ளியைப் பார்க்கலாமென்று காலண்டரைக் கழற்றினேன். ஐந்து மாதமாக அதன் பின்னால் இருந்த இரண்டு சிவப்பு வரி அப்போதுதான் என் கண்ணில் பட்டது. 'இது மருத்துவத்தோடு சேர்த்துச் செய்ய வேண்டிய துணைச் சிகிச்சை. மருத்துவத்துக்குப் பதில் ஆகாது. வலி திரும்பத் திரும்ப வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.' எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வந்தது. படத்தைச் சுவரிலிருந்து உரித்து எடுத்துக்கொண்டுபோய் வசந்தாமணியிடம் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"நான் பேசீர்றேனுங்க" என்றாள்.

லைன் ரெண்டுபட்டது. பேசினால் வலி மொத்தமும் ஒரேயடியாக அவள் மேல் இறங்குமே, தாங்குவாளா என்றார் நாட்ராயன். இறங்கினால்தானே ஆஸ்பத்திரிக்குப் போவாள் என்றேன் நான். கடைசி வீட்டு வாசலிலிருந்து சவரியப்பன், நாட்ராயனுக்கில்லை, பொதுவாக வானத்தைப் பார்த்து, "வலி போனா நோவு போயிருச்சுன்னு அர்த்தமாய்யா? ஆட்டோல பெட்ரோல் முள்ளு ரிப்பேர்னா டேங்க் ரொம்பிருச்சுன்னு அர்த்தமா?" என்றார். நாட்ராயன் அதற்குப் பதில் சொல்லக்கூடாதாகையால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

ஆனால் பேசுவது ஒருத்தி, பதில் சொல்ல வேண்டியது இன்னொருத்தி. வசந்தாமணி படியேறி, "கோகிலா, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாடி" என்றதும் கோகிலா காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் "நாந்தான் அழுத்தறேன், எனக்குத் தெரியுது, உள்ள என்னமோ ஆகுது" என்று ஜன்னலில் நின்று சொன்னாள், கோகிலா மிக்சியைப் போட்டுவிட்டாள், வெறும் மிக்சியை. திட்டிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கோகிலாவின் புருஷன் திருமூர்த்தி சாயப்பட்டறையிலிருந்து லீவு போட்டு வந்து காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பார்த்தான். தாழ்ப்பாளில் துண்டு இறங்கவே இல்லை, வசந்தாமணியாலும் அழுத்தாமல் இருக்க முடியவில்லை. கோகிலா நிற்கும்போதே தள்ளாட ஆரம்பித்தாள், வலி மட்டும் இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, உச்சி வெயிலில், பத்து வீட்டுச் சனமும் வாசலில் இருக்கும்போது வசந்தாமணி எட்டாம் வீட்டு வாசற்படிக்குக் கீழே போய் நின்றாள். கட்டைவிரலில் மஞ்சள் பற்றுப் போட்டிருந்தாள். கோகிலா கதவோரம் பனியன் குவியலுக்கு நடுவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், எழுந்துபோய் மிக்சி போடத் தெம்பு இல்லை.

"அந்தச் சேலைய நான் தெரியாமப் போர்த்தல கோகிலா" என்றாள் வசந்தாமணி.

படியில் கால் வைக்காமல் அங்கேயே நின்று மேலே சொன்னாள்.

"பொட்டியத் தொறந்தப்ப அதுக்கு மேல வேற நாலு சேலை இருந்துச்சு. அதையெல்லாம் எடுத்து அக்கட்ட வெச்சுட்டு, அடியிலிருந்து இத எடுத்தன். அம்மா கடைசி ஆறு மாசம் எங்கிட்டத்தான் கெடந்தா. பீ மூத்திரம் அள்ளுனது நானு. ஆனா வாயத் தொறந்தா கோகிலா எப்ப வருவா, கோகிலா எப்ப வருவாங்கறதுதான். எனக்கு வவுத்தெரிச்சலு. உனக்குக் கெடைக்கக் கூடாதுன்னுதான் போர்த்துனன். வேணும்னேதான் பண்ணுனன்."

நான் நினைத்தேன், இவள் காரியத்தைக் கெடுத்துவிட்டாள், இனி இந்த ஜென்மத்தில் கோகிலா வாய் திறக்க மாட்டாள் என்று. கோகிலா கத்திரியை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த மஞ்சள் பற்றுப் போட்ட விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்க்கா" என்றாள். "பொட்டிய நானும் பாத்தனல்லோ."

அவ்வளவுதான். இரண்டு மாத வலி மொத்தமும் ஒன்றாகச் சேர்ந்து அவள் மேல் இறங்கியது. வலது விலாவைப் பிடித்துக்கொண்டு பனியன் குவியல் மேல் குப்புற விழுந்தாள், எழுந்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். வசந்தாமணி பாய்ந்துபோய் அவளை மடியில் வாரிப் போட்டுக்கொண்டு தன் கையை அழுத்தினாள், அழுத்தினாள், பற்று உதிர உதிர அழுத்தினாள், ஒன்றும் ஆகவில்லை. அது வெறும் கையாகிவிட்டது.

"யோவ் சவரி, வண்டிய எடுய்யா!" என்று முதல் வீட்டிலிருந்து ஒரு குரல்.

"எடுத்துட்டேன்யா நாட்ராயா, நீ அந்தப் புள்ளயத் தூக்கு!" என்று கடைசி வீட்டிலிருந்து ஒரு குரல்.

அப்படிச் சொன்ன வாய் மூடுவதற்குள் இரண்டு பேருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. நாட்ராயன் குனிந்தவர் குனிந்தபடியே கோகிலாவைத் தூக்கிக்கொண்டு வந்தார், சவரியப்பன் வளைந்தவர் வளைந்தபடியே ஹேண்டிலைப் பிடித்தார். என் வாழ்நாளில் அத்தனை கோணலாகப் போன ஆட்டோவை நான் பார்த்ததில்லை, அத்தனை வேகமாகவும்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, பித்தப்பையில் கல், ஒரு கல் குழாயில் இறங்கி அடைத்திருக்கிறது, சீழ் பிடித்திருக்கிறது, தோளில் வலிப்பதும் அதனால்தான், இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் ஆளில்லை என்றார். "இத்தன நாளா வலிச்சிருக்கணுமே, எப்படிம்மா தாங்கினீங்க?" என்று கேட்டார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த கோகிலா, "எங்கக்கா எடுத்துட்டாளுங்க" என்றாள். ஜுரத்தில் பிதற்றுகிறாள் என்று டாக்டரம்மா எங்களிடம் ஆறுதலாகச் சொன்னார். நாங்களும் ஆமாங்க என்றோம்.

லைன் பிறகு என்ன ஆயிற்று என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பயத்தில் ஒவ்வொருத்தராகப் பேச ஆரம்பித்தார்கள், பேசப் பேச வலி எல்லாம் அவரவர் வீட்டுக்குத் திரும்பி வந்தது. நாட்ராயனும் சவரியப்பனும் ஒரே ஆட்டோவில் எலும்பு டாக்டரிடம் போய் வருகிறார்கள், போகும்போதும் வரும்போதும் யார் இடுப்பு மோசம் என்று சண்டை. ஒன்பதாம் வீட்டுக் கிழவி கைத் துணியை அவிழ்த்துப் பேத்திக்குத் தொட்டில் கட்டினாள். நான் முழங்காலுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், படத்தைப் பார்த்து அழுத்தவும் செய்கிறேன், இரண்டும் சேர்ந்து கொஞ்சம் கேட்கிறது. எல்லார் வீட்டிலும் காலண்டர் இப்போது ஒரு சாண் கீழே, நூல் கட்டித் தொங்குகிறது. ஓனருக்குத் தெரியாமல் இரண்டாவது ஆணி அடித்தவர்களும் உண்டு, யாரென்று சொல்ல மாட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை நான் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கோகிலா கண்ணில் மஞ்சள் இறங்கியிருந்தது. குமட்டலுக்கு ஊசி போட்டாயிற்று, நர்ஸிடம் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, வசந்தாமணி கட்டிலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, இந்த முறை தன் கையை இல்லை, தங்கச்சியின் கையை மடியில் வைத்து, மணிக்கட்டு ரேகையிலிருந்து மூன்று விரல் அளந்து, கருத்த அந்தக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டிருந்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு ஒருத்தி கை ஒருத்தி கையில் இருக்கிறது, எனக்குக் கஞ்சிப் பாத்திரத்தை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

"கேக்குதாடி?" என்றாள் வசந்தாமணி.

கோகிலா கண்ணை மூடி யோசித்துப் பார்த்தாள்.

"ஒன்னும் கேக்கலக்கா" என்றாள். "கைய எடுத்துறாத."